பழைய தேவாலயம், பழைய ஏடு, பழைய மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாறு படிப்பவன் என்று சொன்னால் அரசன், போர், கல்வெட்டு பற்றிக் கேட்பார்கள். பழைய தேவாலயங்களைச் சுற்றுகிறவன் என்று சொன்னால் கேள்விகள் வேறு பக்கம் போகும். கீழே சுரங்கம் இருக்கிறதா, அந்த மரத்துக்கு என்ன வயது, தாத்தாவின் தாத்தா பெயர் கிடைக்குமா, வௌவாலை என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும். விஷயம் அப்படி.

கட்டடம், ஆவணம், இயற்கை எல்லாம் வேறு வேறு துறை. ஏன் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்?

ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கத்தான். ஓர் ஊரில் வீடுகள் இடிந்து புதிதாக எழும், நிலம் கைமாறும், காகிதம் கரையானுக்குப் போகும். தேவாலய வளாகத்தில் மட்டும் கட்டடம், அதைப் பற்றிய காகிதம், ஏர் படாத நிலம் மூன்றும் பல நூறு ஆண்டுகள் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கணக்குப் புத்தகத்தில் கூரைக்கு மரம் வாங்கியதாக ஒரு வரி இருந்தால், அந்த மரம் இன்னும் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். அதன் வளையங்களை எண்ணி அந்த வரி உண்மையா என்று பார்க்க முடியும்.

ஆனால் கட்டடக்கலை படித்தவர் தோட்டத்துப் பக்கம் போவதில்லை. தாவரம் படித்தவர் வாசல்படி தாண்டி உள்ளே வருவதில்லை. ஆவணம் படிப்பவரோ காப்பகத்து நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. இது என் நெடுநாள் குறை.

பழைய தேவாலயம் ஒன்றுக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

உள்ளே போகாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். எல்லோரும் பீடத்தையும் வண்ணக் கண்ணாடியையும் பார்க்க உள்ளே ஓடுகிறார்கள். ஆனால் அழகுபடுத்துவதற்கென்று பணம் செலவழிக்கப்பட்ட இடமே அதுதான். பின்புறச் சுவரைப் பூசி மறைக்க யாருக்கும் பெரும்பாலும் அக்கறை இருந்ததில்லை, அதனால் கதை அங்கேதான் கிடைக்கும். அடைக்கப்பட்ட வாசல், பாதியில் நிறம் மாறும் கல், இப்போதைய கூரைக்குக் கீழே சாய்வாக ஓடும் பழைய கூரையின் தழும்பு, இரண்டு சுவர்கள் பின்னிக்கொள்ளாமல் வெறுமனே ஒட்டி நிற்கும் மூலை ஆகியவற்றைத் தேடுங்கள். ஒட்டி நிற்கும் மூலை என்றால் ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது.

சுற்றி முடித்த பிறகு உள்ளே போனால் தூண்களின் அடியைப் பாருங்கள். அடிப்பீடம் தரைக்குள் புதைந்தது போல இருந்தால் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய கல்லறைக் கற்கள் புதுத் தரைக்குக் கீழே இருக்கக்கூடும். சுரூபங்களை அடையாளம் காண முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பாருங்கள். சாவி என்றால் பேதுரு, சக்கரம் என்றால் கேத்தரின், இரும்புக் கம்பிச் சட்டம் என்றால் லாரன்ஸ், கத்தி என்றால் பெரும்பாலும் பர்த்தலோமேயு. அவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள், அல்லது என்ன பொறுப்பு ஏற்றார்கள் என்பதைத்தான் கையில் கொடுத்திருப்பார்கள்.

சுவரில் வெட்டியிருக்கும் ஆண்டை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதற்கான ஆண்டு என்று கேட்டுவிட்டு நம்புங்கள். அடிக்கல் நாட்டியதா, அர்ச்சித்ததா (வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தியதா), முகப்பை மாற்றியதா, வெள்ளையடித்ததா? தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்துக்கு 1717இல் அடிக்கல் நாட்டினார்கள், 1718இல் அர்ச்சித்தார்கள். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் பெயர் முத்திரையும் இருக்கின்றன. ஓராண்டு வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் சில பெரிய பேராலயங்களில் அடிக்கல்லுக்கும் நிறைவுக்கும் இடையே ஐந்தாறு தலைமுறைகள் போயிருக்கின்றன. அங்கே ஒற்றை ஆண்டைச் சொல்வதே அபத்தம்.

மணியில் வார்த்திருக்கும் ஆண்டு அந்த மணிக்கு மட்டும்தான் செல்லும். விரிசல் விட்ட மணியை உருக்கி மறுபடி வார்ப்பது வழக்கம். இடிந்த இன்னொரு கோயிலிலிருந்தும் வந்திருக்கலாம்.

ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எப்போது தொடங்கின? அதில் என்ன கிடைக்கும்?

இங்கிலாந்தில் 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் எல்லாப் பங்குகளும், அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதிகளும், பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய திரெந்து சங்கம் 1563இல் இதைப் பொதுவான கடமையாக்கியது. அதற்கு முன்பே சில இடங்களில் பதிவேடு இருந்தது. மக்கள்தொகையைக் கணக்கெடுக்கும் எண்ணமெல்லாம் அதன் பின்னால் இல்லை. யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்ற சிக்கல்தான் காரணம். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரின் உறவும் உறவாகவே எண்ணப்பட்டு அதுவும் திருமணத்துக்குத் தடையாக இருந்ததால், எந்தக் குழந்தைக்கு யார் ஞானப்பெற்றோர் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. இரகசியத் திருமணங்களைத் தடுக்கவும் எழுத்து தேவைப்பட்டது.

இந்தக் காரணத்தை மனதில் வைத்துப் படித்தால் பதிவேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது புரியும். அது ஞானஸ்நானத் தேதியைச் சொல்லும், பிறந்த தேதியைப் பல நேரம் சொல்லாது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தை அதில் இல்லவே இல்லை. வேறு சபைக்காரர் இல்லை. தாயின் பெயரை எழுதாத பாதிரியாரும் உண்டு.

இருந்தாலும் தனி வரிகளை விட்டு மொத்தமாகப் பார்க்கத் தொடங்கினால் இது வேறு மாதிரி ஆவணம். சாதாரணமாக ஆண்டுக்குச் சில அடக்கங்கள் நடக்கும் பங்கில் ஒரே மாதத்தில் பக்கம் பக்கமாக அடக்கம் என்றால் கொள்ளைநோய் அல்லது பஞ்சம். கையெழுத்து நடுவில் மாறினால் எழுதிய பாதிரியாரும் போய்விட்டாரா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு திருமணங்கள் கூடியிருந்தால் துணையை இழந்தவர்கள் மறுமணம் செய்துகொள்கிறார்கள். எந்த விளக்கமும் இல்லாத பெயர்ப் பட்டியலில் ஓர் ஊரின் துயரத்தை இப்படிப் படிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு பதிவேடு தீயில் போய்விட்டது என்று சொன்னால் உடனே விட்டுவிடாதீர்கள். பல சபைகளில் ஆண்டுதோறும் நகல் எடுத்து ஆயருக்கு அனுப்பும் விதி இருந்தது. இங்கிலாந்தில் அது 1598இல் கட்டாயமானது. மூலம் போனாலும் நகல் மறைமாவட்டத்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதி. எது தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அதை ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. புரொட்டஸ்டன்ட் நாடுகள் இழுத்தடித்தன. டென்மார்க் 1700இல் மாறியது, பிரிட்டன் 1752 வரை மாறவில்லை. இதனால் 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடிக்கும் ஆங்கிலேயர் கையில் இருந்த சென்னைக்கும் நாட்காட்டியில் 11 நாள் வித்தியாசம். தரங்கம்பாடியில் ஜூலை 20 என்று தேதியிட்டு அனுப்பிய கடிதம் ஐந்து நாளில் போய்ச் சேர்ந்தால், சென்னையில் அது ஜூலை 14இல் வந்ததாகப் பதிவாகும். எழுதுவதற்கு முன்பே வந்து சேர்ந்த கடிதம்!

இன்னொரு பொறியும் உண்டு. இங்கிலாந்தில் 1752க்கு முன் புத்தாண்டு சட்டப்படி மார்ச் 25இல்தான் பிறந்தது. 1710 பிப்ரவரி என்று அங்கே எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1711. கவனமான எழுத்தர்கள் 1710/11 என்று இரண்டையும் போடுவார்கள். இதைத் தெரியாமல் வம்சாவளி தயாரிப்பவர்கள் கல்யாணத்துக்கு முன்பே குழந்தையைப் பிறக்க வைத்துக் குடும்ப மானத்தை வாங்கிவிடுகிறார்கள்.

பாதிரியார்களுக்கும் செடி கொடி பறவை ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு பேர் எப்படி அதில் இறங்கினார்கள்?

படிப்பு, லத்தீன், ஒரே இடத்தில் நீண்ட வாசம், குறிப்பெழுதும் பழக்கம். இந்த நான்கும் ஒருவரிடமே சேர்ந்தது அந்தக் காலத்தில் மதகுருமார்களிடம்தான் அதிகம். படைப்பைப் படிப்பது படைத்தவரைப் படிப்பது என்ற இறையியலும் துணை நின்றது.

இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துக் கில்பர்ட் வைட்டை (1720–1793) எடுத்துக்கொள்வோம். துணைக் குரு. ஊரை விட்டு அதிகம் போகவில்லை. கிட்டத்தட்ட ஒரே உருவம் கொண்ட மூன்று கதிர்க்குருவிகளைப் பாட்டை வைத்தே மூன்று தனி இனங்கள் என்று பிரித்தார். 1789இல் வந்த அவர் நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அவர் கல்லறையில் ஜி. டபிள்யூ. என்ற இரண்டு எழுத்துகளும் தேதியும் மட்டும்தான். பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலின் விதிகளைக் கண்ட கிரிகோர் மெண்டல் புர்னோ நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவி. 1866இல் கட்டுரை அச்சானது, 1868இல் அவரை மடாதிபதி ஆக்கினார்கள், அப்புறம் நிர்வாகமே சரியாக இருந்தது. 1900இல்தான் உலகம் அந்தக் கட்டுரையைத் திரும்பக் கண்டெடுத்தது.

எனக்கு மிகப் பிடித்த கூட்டம் தரங்கம்பாடியில் இருந்தது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மிஷன் வேலைக்காக 1706இல் வந்து இறங்கியதும், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் பலருக்குத் தெரியும். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே மிஷன் ஓர் இயற்கை ஆய்வுக் களமாக மாறியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயிரினங்களுக்கு இரட்டை லத்தீன் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராக வந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘கோனிகீ’ இவர்தான். 1771இல் வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் மீன்களையும் சிப்பிகளையும் பாம்புகளையும் சேகரித்தார். பெர்லினில் மீன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மார்கஸ் எலீசர் புளோக்குக்கு மீன்களை அனுப்பினார். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான ‘எரிக்ஸ் ஜானி’ இந்தப் பாதிரியாரின் பெயர்தான். 1776இல் வந்த யோஹான் பீட்டர் ராட்லர் ஒரு பக்கம் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டினார், மறு பக்கம் தமிழ் அகராதி தொகுத்தார். அவர் உலர்த்திய செடிகள் இன்று லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. அகராதி அச்சாகி முடிவதற்குள் 1836இல் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மூவரும் தனியாகக் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் போய்ப் பிடித்து வரவில்லை. மீனவர்களும் வைத்தியர்களும் சிறுவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பெயரும் பயனும் சொன்னார்கள். லத்தீன் பெயர்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் கடிதங்களிலும் செடித் தாள்களின் ஓரக் குறிப்புகளிலும் அவர்கள் சொன்ன சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறநிலையக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. இந்த ஓரக் குறிப்புகளைத் தேடுவதற்கு ஒரு வாழ்நாள் வேலை மிச்சம் இருக்கிறது என்பேன்.

மரத்தை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முடியுமா?

உத்தரத்தில் இருக்கும் மரத்தை வைத்து முடியும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக வளரும். இந்த அகல ஒடுக்க வரிசையை அதே வட்டாரத்து மரங்களின் வரிசையோடு பொருத்தினால், வெட்டப்பட்ட ஆண்டு கிடைக்கும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் வெட்டிய பருவம்கூடத் தெரியும். நார்வேயின் உர்னெஸ் மரத் தேவாலயத்துக்கு 1130ஐ ஒட்டி மரம் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அதன் வடக்குச் சுவரில் பாம்புகளும் கொடிகளும் பின்னிய அற்புதமான செதுக்கல் பலகை அதற்கு முந்திய 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றிலிருந்து எடுத்து மறுபடி பொருத்தியது.

இந்த முறை தவறவே தவறாது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம் 845ஐச் சேர்ந்தது என்று 1960களில் வளையம் எண்ணிச் சொன்னார்கள். 1990களில் முறை மேம்பட்ட பிறகு மறுபடி ஆராய்ந்தால் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதிதான் என்று வந்தது. இருநூறு ஆண்டு குறைந்தது. ஊர்ப் பெருமைக்கு அடிதான், ஆனாலும் ஐரோப்பாவின் மிகப் பழைய மரத் தேவாலயங்களில் ஒன்று என்ற இடம் போகவில்லை.

வளாகத்தில் நிற்கும் மரம் தேவாலயத்தைவிடப் பழையது என்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. பிரிட்டனின் தேவாலய முற்றங்களில் நிற்கும் யூ என்ற ஊசியிலை மரங்கள் இதில் பேர்போனவை. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கல் யூ மரத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் சொல்கிறார்கள். சிலர் மூன்றாயிரம், ஐயாயிரம் என்று ஏற்றுவதும் உண்டு. முதிர்ந்த யூ மரத்தின் நடு உளுத்துப் பொந்தாகிவிடும், எண்ண வளையமே இருக்காது. சுற்றளவை வைத்து மதிப்பிடுவதுதான் வழி. ஆகவே துல்லியமான எண் சொல்லும் பலகையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஆண்மரமான ஃபோர்ட்டிங்கல் யூவின் ஒரு கிளை மட்டும் 2015இல் பெண்ணாகிப் பழம் காய்த்தது. எனக்கு அது வயதைவிடப் பெரிய ஆச்சரியம்.

செல்போர்னில் கில்பர்ட் வைட் அளந்து எழுதிய யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. அளவு எழுதி வைத்ததால்தான் இருநூறு ஆண்டில் அது எவ்வளவு பருத்தது என்று தெரிந்தது. உங்கள் வட்டாரத்து மரத்தை நெஞ்சு உயரத்தில் ஒரு நாடாவால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பயன்படாமல் போகலாம், இருநூறு ஆண்டு கழித்து வருகிறவருக்குப் பயன்படும்.

பதிவேட்டில் வானிலை இருக்குமா?

இருக்கும், வானிலை என்ற தலைப்பில் இருக்காது. ஸ்பெயினில் மழை பொய்த்தால் நகர சபை பேராலயத்திடம் மழை மன்றாட்டு கேட்கும். அதற்குப் படிகள் உண்டு. முதலில் உள்ளேயே செபம். மழை வராவிட்டால் திருப்பண்டங்களை (புனிதர்களின் எலும்பு முதலானவற்றை) வெளியே வைத்து வணக்கம், அதற்கும் மசியாவிட்டால் வீதியில் பவனி. வறட்சி முற்றினால் தொலைவிலுள்ள திருத்தலத்துக்கு யாத்திரை. ஒவ்வொரு படிக்கும் செலவு ஆனதால் கணக்கில் ஏறியது. செலவு ஆனதால் யாரும் காரணமின்றி அடுத்த படிக்குப் போகவும் இல்லை. ஆக எந்தப் படிவரை போனார்கள் என்பதே வறட்சியின் கடுமைக்கு அளவுகோல். காலநிலை ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்குகளை வைத்து மழைமானி இல்லாத நூற்றாண்டுகளின் வறட்சிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாட்களை 1354 முதல் 2018 வரை தொகுத்திருக்கிறார்கள். பழைய ஆண்டுகளுக்கு ஆதாரம், அங்குள்ள நோத்ர்தாம் தேவாலயம் அறுவடைக் கூலி கொடுத்த கணக்கு. வெயில் கூடினால் பழம் சீக்கிரம் பழுக்கும். 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது என்று அந்தத் தொகுப்பு காட்டுகிறது. கூலிக் கணக்கு எழுதியவருக்கு இது தெரிந்தால் சிரிப்பாரோ என்னவோ.

கல்லறைக் கல்லில் படர்ந்திருப்பதைச் சுரண்டி எடுத்தால்தானே எழுத்து தெரியும்?

தயவுசெய்து வேண்டாம். சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு வட்டங்களாகப் படர்ந்திருப்பது அழுக்கு இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. கல்லறைக் கல்லில் ஆண்டு வெட்டியிருப்பதால், அதற்குப் பிறகுதான் லைக்கன் வந்திருக்கும் என்பது உறுதி. இதை வைத்து வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, பிறகு பனிமலைகளில் தேதியே இல்லாத பாறைகளின் வயதை அளக்கும் முறையை 1950களில் ரோலண்ட் பெஷெல் உருவாக்கினார். தேதி வெட்டிய கல் கிடைக்கும் இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்கு முதலிடம் என்பதால் லைக்கன் ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஆய்வுக்கூடம்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும். காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். நேருக்கு நேர் தெரியாத எழுத்து நிழல் விழுந்து எழும்பும். பகலில் ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டாலும் ஆகும். சாக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, ப்ளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எல்லாமே கல்லைத் தின்னும்.

வௌவாலும் ஆந்தையும் கட்டடத்தைக் கெடுக்காதா?

வௌவால் கெடுக்கும், மறுப்பதற்கில்லை. அதன் சிறுநீர் பித்தளையையும் ஓவியத்தையும் அரிக்கும். ஆனால் விரட்டுவதும் தீர்வு இல்லை. பிரிட்டனில் சட்டமே அனுமதிக்காது. அது தங்கும் இடத்தை விட்டுவிட்டு, வரும் வழியை மாற்றி, விலைமதிப்பான பொருளை மூடிவைக்கும் ஏற்பாடுகள்தான் பலித்திருக்கின்றன. மணிக்கூண்டுக் கூகையால் எலி குறையும். உழவாரன் குருவி ஆண்டுதோறும் அதே பொந்துக்குத் திரும்பும். பழுது பார்க்கிறேன் என்று பொந்தைப் பூசினால் அதற்கு வேறு வழியில்லை.

மரத்தையே காப்பாற்றிய தேவாலயங்கள் உண்டா?

எத்தியோப்பியாவின் வட மேட்டுநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே காடு பெரும்பாலும் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. மிஞ்சிய காடு, அந்நாட்டின் பழைய கிறிஸ்தவச் சபையான தெவாஹிதோ ஆர்த்தடாக்ஸ் சபையின் தேவாலயங்களைச் சுற்றித்தான். வானத்திலிருந்து பார்த்தால் காய்ந்த நிலத்தில் பச்சை வட்டங்களாகத் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டக் கூரை. தேவாலயத்துக்கு மரங்கள் ஆடை, அதை உரியக்கூடாது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆடுமாடு நுழைந்து கன்றுகளை மேய்ந்ததால் வட்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. அலெமயேஹு வாசி என்ற எத்தியோப்பிய ஆய்வாளரும் அமெரிக்கரான மார்கரெட் லோமனும் குருமார்களோடு பேசி, வயலில் கிடக்கும் கற்களைக் கொண்டே சுற்றிலும் மதில் எழுப்ப வைத்தார்கள். கல்லை எடுத்ததால் வயலுக்கும் நல்லது. ஆய்வாளர் கட்டளையிட்டிருந்தால் இது நடந்திருக்காது. குருமார்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டதால் நடந்தது.

பழைய கையெழுத்துப் பிரதிகளில் படிப்பதற்கு இன்னும் என்ன மிச்சம்?

எழுத்தைத் தவிர எல்லாமே. மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் வீங்கும் மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின் மூன்றையும் கலந்துதான் ஐரோப்பாவின் கருமையைக் காய்ச்சினார்கள். அன்னபேதி கூடிப்போனால் அந்த மை நாளடைவில் தாளையே அரித்து எழுத்து ஓட்டையாகிவிடும். தோல் தாளில் எந்த விலங்கின் தோல் என்று அறிய முன்பு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண அழிரப்பரால் தாளைத் தேய்த்து, உதிரும் தூளிலுள்ள புரதத்தை ஆராய்ந்தார்கள். ஆயிரம் ஆண்டு பழைய யார்க் நற்செய்தி ஏட்டின் தோல் பெரும்பாலும் கன்றுக்குட்டிகளுடையது என்று 2017இல் வெளிவந்தது இப்படித்தான். ஏற்கனவே ஏட்டைச் சுத்தப்படுத்த ரப்பர் தேய்ப்பார்கள், அந்தத் தூள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

எகிப்தின் சினாய் மலையடிவாரத்து புனித கேத்தரின் மடத்தில் 1975இல் ஒரு மூடிய அறை திறக்கப்பட்டு, கையெழுத்துப் பிரதிகளும் துண்டுகளுமாக நிறையக் கிடைத்தன. தோல் அரிதானதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதிய ஏடுகள் அங்கே பல. புற ஊதா ஒளி முதலான பலவகை வெளிச்சங்களில் படமெடுத்து அடியிலிருக்கும் எழுத்தைப் படித்துவருகிறார்கள். அதே மடத்து முற்றத்தில், மோசே கண்ட எரியும் முட்செடி என்று காட்டப்படும் ஒரு செடியும் தழைத்து நிற்கிறது.

கீழே சுரங்கப்பாதை இருக்கிறதாமே?

வடிகால். இல்லையென்றால் நிலவறைக் கல்லறை.

பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் பலம்தானே?

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூத்துக் கல்லைப் பொரித்து உதிர்க்கும். பூச்சு கெட்டியாக நிற்கும், சுவர் பின்னால் மாவாகிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பிலேயே பூசுங்கள்.

பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரியாது. 2019 ஏப்ரல் 15இல் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது எல்லாம் போயிற்று என்று நினைத்தோம். ஆனால் திறந்துகொண்ட சுவர்களில் கற்களைப் பிணைத்த இரும்புக் கொக்கிகள் தெரிந்தன. 1160களில் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே இரும்பை இப்படித் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது 2023இல் உறுதியானது. கருகிய உத்தரங்களைக் குப்பையில் போடாமல் எண்ணிட்டு ஆய்வுக்கு எடுத்தார்கள். சக்ரீஸ்து (பூசைப் பொருட்கள் வைக்கும் பகுதி) கூரையில் வைத்திருந்த தேன்கூடுகளில் தேனீக்களும் பிழைத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது.

லத்தீன் தெரிய வேண்டுமா? நம்பிக்கை வேண்டுமா?

பதிவேட்டுக்கு இருபது முப்பது லத்தீன் சொல் போதும், திரும்பத் திரும்ப அதேதான் வரும். பழைய கையெழுத்தைப் படிக்கும் பழக்கம்தான் நாள் பிடிக்கும். நம்பிக்கை உங்கள் விஷயம். ஆனால் அந்த இடம் சிலருக்கு ஆய்வுப்பொருள் அல்ல, மன்றாடும் இடம். பூசை நேரத்தில் நாடாவை எடுத்து அளக்காமல் இருக்கும் மரியாதை வேண்டும்.

யாரிடம் அனுமதி கேட்பது? எடுத்ததை என்ன செய்வது?

பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ எழுத்தில் கேளுங்கள். எந்த ஏடு, எந்த ஆண்டுகள், எதற்கு என்று குறிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும். “எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்” என்று போனால் கிடைக்காது. அதிகாரப்பூர்வமாகக் கேட்டுவிட்டு, அப்புறம் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு, எந்தப் பக்கம் மழை ஒழுகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஏட்டைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். முதல் படம் அட்டை, பிறகு ஒரு பக்கமும் விடாமல், வெற்றுப் பக்கம் உட்பட. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய அண்மைப் பதிவுகளை வெளியிடாதீர்கள். படங்களின் ஒரு பிரதியை அந்தத் தேவாலயத்துக்கே கொடுங்கள், இன்னொன்றை ஒரு காப்பகத்துக்கு. கோப்பின் பெயரில் இடம், ஏடு, ஆண்டு, பக்கம் நான்கும் இருக்கட்டும், கேமரா கொடுத்த எண்ணை அப்படியே விடாதீர்கள்.